சீட்டுக்குக் கீழே தரை

பாப்பனங்கோட்டில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு பேட்ச் ஒர்க்ஷாப் இருந்தது. துருப்பிடித்த கார்களின் தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து ஒட்டுகிற இடம். அதை நடத்தியவர் திரவியம், என் அக்கா எலிசாளின் கணவர். கல்லூரியில் படித்த வருடங்களில் ஒர்க்ஷாப்பின் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அத்தானின் கால்கள் தெரியும். மீதி உடம்பு ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருக்கும்.

கடலோரத்து வண்டிகளுக்கு உப்புக்காற்றில் அடிப்பாகம்தான் முதலில் போகும். வலியதுறை, வேட்டுக்காடு பக்கமிருந்து வரும் சில கார்களில் மிதியடியைத் தூக்கினால் கீழே சாலை தெரியும். இதற்கு அத்தானிடம் இரண்டு வகை வேலை இருந்தது. அவரிடம் மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் பேட்ச் வேலை செய்கிற எல்லோரிடமும் இருந்தது. வண்டியைக் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்பதே இதுதான்.

"ஓடதுக்கா, விக்கதுக்கா?"

ஓடுவதற்கு என்றால், நல்ல தகரம் வரும்வரை துருவை வெட்டியெடுத்து, கனத்த தகடு வைத்து, சுற்றிலும் இடைவெளி விடாமல் பற்றவைப்பார். விற்பதற்கு என்றால், காலிப் பாமாயில் டின்னை விரித்து ஓட்டையை மூடி, அங்கங்கே ஒரு பொட்டு மட்டும் பற்றவைத்து, மேலே பட்டி பூசி, அதன்மேல் கனமாகத் தார் அடிப்பார். தார் காய்ந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மழைக்கு முன் எல்லா வண்டிக்கும் அடியில் தார் பூசுவது இங்கே வழக்கம் என்பதால், அதைச் சுரண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. வாங்க வருபவர் குனிந்து, விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். அதோடு சரி.

"இதுல கள்ளத்தனம் ஒண்ணும் இல்ல, கேட்டியா," என்று அத்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார். "விக்கவனுக்கும் தெரியும், வாங்கவனுக்கும் தெரியும். தெரியாதது காருக்கு மட்டும்தான்."

சொந்தமாக ஒர்க்ஷாப் வைப்பதற்கு முன் அவர் கவடியாரில் ஸ்ரீகண்டன் என்பவரிடம் வேலை பார்த்தார். ரப்பர்த் தோட்டமும் பந்தயக் கார்களும் வைத்திருந்தவர் அவர். கார் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரின் தலை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டுவார்கள். ஸ்ரீகண்டனின் கார்களுக்குக் கூண்டு கட்டியதெல்லாம் அத்தான்தான். கழக்கூட்டத்தில் ஒரு மண்மைதானப் பந்தயத்தில் கார் உருண்டு உருண்டு போய் நின்றபோது, ஸ்ரீகண்டன் அந்தக் கூண்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தாராம். அத்தான் அதைச் சொல்லும்போது சிகரெட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

ஆனால் அந்தக் கார்களை அவர் ஓட்டியதில்லை. லாரியிலிருந்து இறக்கி, மற்ற கார்களோடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவார். "திரவியம், ஃபர்ஸ்ட் கியர் மதி," முதல் கியரே போதும் என்று ஸ்ரீகண்டன் பின்னாலிருந்து சொல்வார். அக்கா இதைப் பிடித்துக்கொண்டாள். சோறு ஆறிப்போனால் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள்.

"ஃபர்ஸ்ட் கியர் டிரைவர் இன்னைக்குச் சாப்பிட வாறாரா, இல்ல தள்ளிக்கிட்டு வரணுமா?"

இரண்டாயிரத்து மூன்றில் அத்தானுக்குக் கண்ணில் கோளாறு தெரிந்தது. வெல்டிங் வெளிச்சத்தால் வந்த எரிச்சல் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேறு சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மெதுவாகப் போகும். ஆட்டோவில் திரும்பி வரும்போது அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மெதுவாட்டுன்னா எவ்வளவு மெதுவா?"

அக்கா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அத்தான் சபையிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல், ஒரு காரை ஆட்டோவில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை மாருதி எண்ணூறு. எண்பத்தைந்தில் வந்த பழைய வடிவம், பின்கதவை மேலே தூக்குகிற சின்னக் கார். சங்குமுகத்தில் ஓமனா டீச்சர் வீட்டு ஷெட்டில், அவர்களுடைய கணவர் இறந்த பிறகு யாரும் தொடாமல் கிடந்தது.

"இத வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஓட்டப் போறேன்."

"எங்க?"

"கோயம்புத்தூருல."

"அங்கதான் பஸ்ஸு போவும்லா."

கோயம்புத்தூரில் புதிதாகப் பந்தயப் பாதை வந்திருந்தது. பந்தயம் இல்லாத சில நாள்களில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அதில் ஓட்டலாம். காரைச் சோதித்து விடுவார்கள், அவ்வளவுதான் நிபந்தனை. இதை அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். பிறகு, "கண்ணு இருக்கும்போ ஒருக்கா. ஒரு ரவுண்டு போரும். நாலாம் கியருல," என்றார். அதன் பிறகு அக்கா அந்தக் காரைப் பற்றிக் கேலி செய்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த ஒர்க்ஷாப்பில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த ரெஜி கூடச் சேர்ந்துகொண்டான். அவன் மலையாளி. நாகர்கோவில் வண்டிக்காரர்களோடு பேசிப் பேசி ஒரு தமிழ் வைத்திருந்தான். எஞ்சினை இறக்கி, தலைப்பாகத்தைக் கொஞ்சம் சீவி, பெரிய கார்புரேட்டர் வைத்தான். உடைத்துப்போட்ட ஒரு ஜென் காரிலிருந்து முன் பிரேக்கும் சக்கரங்களும் வந்தன. சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் வைத்த அன்று, பக்கத்து வீட்டில் நடந்துகொண்டிருந்த ஜெபக்கூட்டம் பாதியில் நின்றுபோனது.

எடையைக் குறைக்க வேண்டும் என்று அத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பின் சீட், தரைவிரிப்பு, கதவுகளின் உள்பலகை, கடைசியாக இடப்பக்கத்து முன் சீட்.

"அப்போ நான் எங்க இருக்க?" என்றாள் அக்கா.

"நீ கரையில நின்னு கையாட்டு."

கூண்டு கட்டப் பல மாதம் ஆனது. பகலில் வாடிக்கையாளர் வேலை போக மிஞ்சிய நேரம்தான் அதற்கு. குழாயை வளைத்து, வைத்துப் பார்த்து, பிடிக்காமல் மறுபடியும் வளைப்பார். பற்றவைத்த இடங்களை விரலால் தடவிக்கொண்டே போவார். அப்போதே அவருக்கு ஓரத்தில் இருப்பவை தெரியாமல் போகத் தொடங்கியிருந்தன. பக்கத்திலேயே கிடக்கும் ஸ்பானரை எங்கே என்று கேட்பார். ரெஜி எடுத்துக் கையில் வைப்பான்.

காரைக் கட்டையின்மேல் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்த்த நாளில் நானும் அங்கே இருந்தேன். தார் பூசி நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுகிறவரின் சீட் வருகிற இடத்துக்கு நேர் கீழே, தாரின் விளிம்பில் வரிசையாகக் கட்டைவிரல் பதிந்த தடம். தார் இறுகும் முன் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவது அத்தானின் பழக்கம். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல.

"டேய் ரெஜி, இது நான் போட்ட பேட்சாக்கும். டீச்சருக்க வீட்டுக்காரரு இருந்தப்போ கொண்டுவந்திருக்கணும்."

"ஆசானே, அதொண்ணு பொளிச்சு நோக்கண்டே?" பெயர்த்துப் பார்க்க வேண்டாமா என்று ரெஜி கேட்டான்.

"நான் போட்டத நானே பொளிச்சுப் பாக்கவா? உனக்க சோலியப் பாருடே."

சீட்டைப் பொருத்தத் துளை போட்டது ரெஜிதான். டிரில் இறங்கிய வேகத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆசானே, இது சக்கப்பழத்தில் கேறும் போலெ கேறுது."

"புது பிட்டு மக்கா. அப்படித்தான் கேறும்."

ஓடதுக்கா, விக்கதுக்கா என்று அந்தப் பேட்சைப் பற்றிக் கேட்க அன்று அங்கே யாரும் இல்லை. ஊரில் எல்லோரிடமும் அதைக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த ஜனவரியில் காரை ஒரு மினி லாரியில் ஏற்றி அத்தானும் ரெஜியும் போனார்கள். அக்காவும் நானும் தம்பானூரிலிருந்து ரயிலில் போனோம். அக்கா சொட்டு மருந்தை ஈரத்துணியில் சுற்றி, சோற்றுப் பாத்திரத்தோடு வைத்திருந்தாள்.

பந்தயப் பாதை நான் நினைத்ததைவிடச் சிறியது. சுற்றிலும் பொட்டல், ஓரத்தில் வண்ணம் அடித்த டயர்கள். பெரிய பெரிய கார்களோடு பையன்கள் வந்திருந்தார்கள். ஸ்ரீகண்டன் கொடுத்த பழைய ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தான் வரிசையில் நின்றார். வாசலில் ஒரு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நேரே இருந்ததால் அத்தான் எல்லாவற்றையும் படித்துவிட்டார். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

காரைச் சோதிக்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான ஆள். கூண்டை ஆட்டிப் பார்த்தார், முட்டியால் இடித்துப் பார்த்தார்.

"கூண்டு யாருங்கண்ணா கட்டினது? அருமையா இருக்குதுங்க."

"நான்தான்," என்று அத்தான் சொன்னார். ரெஜி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு அவர் சக்கரம் வைத்த பலகையில் படுத்துக் காருக்கு அடியில் போனார். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. டங், டங் என்று ஒரே சீராக வந்த சத்தம் ஓரிடத்தில் வரவில்லை.

"அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா."

அத்தான் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை உள்ளே போயிருந்தது. சோதிக்க வந்தவர் அதைத் திருப்பி நெம்பியதும் தார் பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதோடு பட்டி, அதோடு துருத்தூள். உள்ளே டின் தகரம். அதில் பாதிப் பனைமரமும் தலைகீழாகச் சில எழுத்துகளும் இன்னும் அழியாமல் இருந்தன.

"உங்க சீட்டுக்குக் கீழ தரையே இல்லீங்களேண்ணா. நல்லா ஒரு பிரேக் மிதிச்சீங்கன்னா சீட்டோட ரோட்டுக்கு வந்துருவீங்க." அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாருங்க இந்த வேலையச் செஞ்சது? மனுசன் செய்யற வேலைங்களா இது?"

ரெஜி வாயைத் திறந்தான். அத்தான் அவன் தோளில் கைவைத்தார்.

"அதுவும் நான்தான்," என்றார்.

அந்த மனிதர் கூண்டைப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார்.

"விக்கதுக்குன்னு செஞ்சது," என்று அத்தான் சொன்னார். டீச்சர் வீட்டுக்காரருக்கு அந்தக் காரை விற்ற யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். அது அந்த ஊர்க்காரருக்குப் புரிந்திருக்காது. கோயம்புத்தூரில் கடல்காற்று இல்லை.

பக்கத்தில் எங்காவது வெல்டிங் கிடைக்குமா, ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தால் விடுவீர்களா என்று ரெஜி கேட்டுப் பார்த்தான். தகடு எதில் பற்றும் என்று அவர் திருப்பிக் கேட்டார். சுற்றியுள்ள தகரமெல்லாம் போயிருந்தது. தரையையே வெட்டி மாற்ற வேண்டும். அது எவ்வளவு நாள் வேலை என்று அத்தானுக்குத்தான் தெரியும். அடுத்த கார் பின்னால் ஹாரன் அடித்தது. அத்தான் உள்ளே ஏறி உட்கார்ந்து, காரை லாரி நிற்குமிடம்வரை ஓட்டிக்கொண்டு போனார்.

முதல் கியரில்தான் போனார். அக்கா அந்தக் கேலியை அதன்பிறகு ஒருபோதும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் தரையை வெட்டியெடுத்தார். முன்பலகையிலிருந்து பின் அச்சுவரை எதையும் மிச்சம் வைக்கவில்லை. கனத்த தகடு வாங்கி, சுற்றிலும் இடைவெளி விடாமல் பற்றவைத்தார். முன்பு ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை, மழைக்காலம் முழுவதும் நீண்டது. பற்றவைக்கிற கோடு பார்வையிலிருந்து நழுவி நழுவிப் போனது. ஒரு விரலைத் தகட்டில் வைத்து அளந்துகொண்டே செய்ததால் விரலெல்லாம் சுட்ட தழும்பு. வாடிக்கை வண்டிகள் குறைந்தன. திரவியத்துக்குக் கண் தெரியவில்லை என்று சந்தில் பேச்சு வந்துவிட்டிருந்தது.

தரை முடிந்து சிவப்புப் பெயிண்ட் அடித்த பிறகு, ஒரு நாள் காலை காரை வெளியே எடுத்தார். கோயம்புத்தூரில் மறுபடியும் அப்படியொரு நாள் வைத்திருந்தார்கள். முற்றத்தில் திரும்பும்போது இடப்பக்கம் தென்னைமரத்தில் இடித்து நின்றது. அந்த மரம் அவர் அங்கே வருவதற்கு முன்பிருந்தே நிற்கிறது. அவர் இறங்கவில்லை.

"ரெஜி, இந்த மரம் எப்போடே வந்துது இங்க?"

ரெஜி பம்பரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். பிறகு, தானே ஓட்டுவதாகச் சொன்னான்.

"நான் ஓட்டாம் ஆசானே. ஆசான் கூடெ இரி. அந்த சீட்டத் திருப்பி வச்சிட்டாப் போரும்."

"கூட இருந்து போறதுக்குத்தான் பஸ்ஸு இருக்கே மக்கா," என்று அத்தான் சொல்லிவிட்டு, சாவியை அவன் கையில் கொடுத்துக் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

கூண்டைக் கழற்றினார். நேர்க்குழாய் போய்ச் சைலன்சர் வந்தது. சீட்டுகள் திரும்பி வந்தன. விதுராவில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாணுலிங்கம் வண்டி பார்க்க வந்தார். போனக்காட்டுத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குச் சாமான் கொண்டுபோக அவருக்கு ஒரு சின்னக் கார் வேண்டியிருந்தது. கீழே குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

"அடியில தார் ஒண்ணும் பூசலியே. எங்க பக்கத்து மழ தெரியும்லா உமக்கு. தார் அடிச்சுத் தந்தா எடுத்துக்கிடுதேன்."

"அது தார் இல்லாமலே நிக்கும் அண்ணாச்சி."

"நிக்கும்னு நீரு சொல்லுதீரு. தார் அடியும்."

அத்தான் தார் காய்ச்சி அடித்தார். விளிம்பை அழுத்திக்கொண்டே போனார். மறுவாரம் தாணுலிங்கம் வந்தபோது அடிப்பாகம் வழக்கம்போலக் கறுப்பாக இருந்தது. அவர் குனிந்து, விரலை மடக்கித் தட்டினார்.

"பேட்ச் வேல செஞ்சிருக்கோ?"

"செஞ்சிருக்கு. ஓடதுக்குச் செஞ்ச வேலையாக்கும்."

தாணுலிங்கம் சிரித்துவிட்டார். "எந்தப் பேட்ச்காரனாவது விக்கதுக்குச் செஞ்சதுன்னு சொல்லியிருக்கானா ஓய்," என்றார்.

அத்தான் தாரை ஓர் இடத்தில் சுரண்டிக் காட்டியிருக்கலாம். கையில் உளிகூட இருந்தது. சாவியை எடுத்துத் தாணுலிங்கத்திடம் கொடுத்தார். கார் சந்துமுனை போய் இடப்பக்கம் நெடுஞ்சாலையில் திரும்பியது. அக்கா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் அப்போதும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.