லீக்கு நான் கொடுத்த ஓமத்தண்ணீர்

சுவிஸில், டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் நான் கோப்பை கழுவுகிறேன். அங்கே சமைத்த சீனாக்காரர் லீ, அங்கே வேலை செய்யும் எங்கள் தமிழ் ஆட்களைப் பார்த்து என்னை "அண்ணை" என்றே கூப்பிடுவார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"வாய்வு அண்ணை. சுடுதண்ணி குடிச்சால் போயிடும்" என்றார், தெரிந்த ஜெர்மனில்.

"எங்கட ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று ஓமம் அவித்துக் கொடுத்தேன். பெரிய ஏப்பம் விட்டார்.

"பாத்தீங்களோ? டொக்டர் அண்ணை!" என்று சிரித்தார்.

"முதலாளியிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடியட்டும்."

நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு அடுப்படியில் விழுந்தார். அம்புலன்ஸ் உடனே வந்தது. நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் டொக்டர், நோவு எப்போது தொடங்கியது என்று என்னைக் கேட்டார். பத்து மணிக்கு என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தார். மாரடைப்பு என்றார். அன்று பின்னேரமே லீ இறந்துவிட்டார்.

அவருடைய மனைவி சீனாவிலிருந்து வந்தபோது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஓமத்தண்ணீரைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது யாராவது நெஞ்சு நோகிறது என்றால், அவரிடம் ஒன்றும் கேளாமல் அம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன். போன மாதம் ஒருவருக்கு உண்மையில் வாய்வுதான். எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசினார்.

ஏசட்டும்.