வீட்டுப் பெயர் என்ன?

1. ஒரு மெயில்

சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள், திட்டு வாங்குகிறவர்கள். நான் இருபத்திரண்டு வருடம் திட்டு வாங்கினேன். அந்த வேலைக்கு சப்போர்ட் மேனேஜர் என்று பெயர். இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் நான் நல்லவனாக வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஆபீஸ் பாலக்காட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இடுக்கித் தேயிலை எஸ்டேட் ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்திருந்தோம். லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிகள் போனிலேயே லீவு போடலாம், டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த மருத்துவச் சீட்டுகளைப் பார்க்கலாம். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த எஸ்டேட்டில் சிக்னல் பாதி நாள் கிடையாது. ஓ.டி.பி. போய்ச் சேராது. அதனால் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஒரு ரகசியக் கேள்வி வைத்திருந்தோம். செக்ரோல் நம்பர் என்கிற பதிவேட்டு எண்ணைப் போட்டு, பதிலும் சரியாக இருந்தால் புதுப் பாஸ்வேர்டு கிடைக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் அந்த மெயில் வந்தது.

"வணக்கம் சார். உங்கள் ஆப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. செக்ரோல் நம்பரும் ரகசியக் கேள்விக்குப் பதிலும் தெரிந்தால் யாருடைய கணக்கிலும் நுழையலாம். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான். தயவுசெய்து சீக்கிரம் அடைத்துவிடுங்கள்."

கீழே செல்வராணி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் என்று எழுதி, பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியின் பெயரையும் போட்டிருந்தாள். மரியாதைக்காகப் போட்ட விலாசம். அதை வைத்துத்தான் அவளைப் பிடித்தோம்.

2. நல்ல இங்கிலீஷ்

எங்கள் எம்.டி. கெட்டவர் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருவார். ஆனால் அவருடைய சாஃப்ட்வேரைக் குறை சொன்னால் அவர் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் சிவந்துபோகும்.

"ராவுத்தரே, இது பச்சை ஹேக்கிங். அந்தப் பெண்ணுக்கு ஆரு பர்மிஷன் குடுத்தது?"

"ஓட்டை இருக்குன்னு சொல்றா சார். அதை ஒருக்கா பாத்துட்டு..."

"ஓட்டையெல்லாம் பின்னே பாக்கலாம். முதல்ல காலேஜுக்கு லெட்டர் போடணும்."

லெட்டரை எழுதியது நான்தான். எங்கள் ஆபீஸில் இங்கிலீஷில் அதட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். அனுமதியின்றி ஊடுருவல், சட்ட நடவடிக்கை, நற்பெயருக்குக் களங்கம் என்று மூன்று பத்தி. எம்.டி. படித்துவிட்டு என் தோளில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். கோவை எல்லையோரத்து வடகரப்பதிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

"ஏனுங்க சார், இந்தப் புள்ள அப்படி என்னத்தைங்க பண்ணிப்போட்டா? வெள்ளிக்கிழமை கமிட்டி வெச்சிருக்காங்க. டி.சி.யக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போடுவாங்க போல இருக்குதுங்க. கொழுந்து கிள்ளி இவளைப் படிக்க வெச்சவங்க அவங்கம்மா. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்."

நான் போய் எம்.டி.யிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "சரி. அந்தப் பெண்ணு ஒரு மாப்பு எழுதித் தரட்டும். வாங்கீட்டு வா, விட்டுடலாம்."

3. மன்னிப்புக் கடிதம்

புதன்கிழமை சித்தூர் பஸ்ஸில் போனேன். பையில் வெள்ளைத்தாள், பேனா. மன்னிப்புக் கேட்கிறவர்களிடம் பேனா இருக்காது என்று ஏனோ எனக்கு ஒரு நினைப்பு.

கல்லூரி கேன்டீனில் டீச்சர் அவளை என் எதிரில் உட்காரவைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். ஒல்லியான பெண். பயந்திருந்தாள், ஆனால் பணிந்திருக்கவில்லை. நான் தாளை நகர்த்தினேன்.

"எழுதித் தாறேன் சார். என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதுதேன்."

நான் வாயைத் திறந்தேன். மூன்று பத்தி இங்கிலீஷில் ஒன்றுகூடத் தமிழில் வரவில்லை.

"சரி, நீ என்ன பண்ணினேன்னு முதல்ல சொல்லும்மா."

"லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குப் பாஸ்வேர்டு மறந்துட்டுது. புதுசு போட்டுக் குடுப்போம்னு செக்ரோல் நம்பர் அடிச்சேன். கடைசி நம்பர் ஒண்ணு தப்பிப்போச்சு. வீட்டுப் பேர் என்னன்னு கேட்டுச்சு. ஏழாம் லயம்னு போட்டேன். திறந்துட்டுது. பார்த்தா அது அம்மா கணக்கு இல்ல. பக்கத்து வீட்டு அக்காவோடது. ஆஸ்பத்திரிச் சீட்டு மேலயே கெடந்துச்சு."

"உடனே மூடிட்டியா?"

"உடனே மூடிட்டேன் சார். ஆனா கண்ணு படிச்சிட்டுல்லா? அந்தக்கா யாருக்கும் சொல்லாத ஒண்ணு அதுல இருந்துச்சு. இப்ப எனக்குத் தெரியும். லீவுக்குப் போனா தினம் அவங்க கையால காப்பி வாங்கிக் குடிக்கேன். தெரிஞ்சதை எப்படி சார் தெரியாம ஆக்குறது?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்குத் திறந்தா லயத்துல எல்லாருக்கும் திறக்கும். அதான் மெயில் போட்டேன். எங்களுக்கு ஏது சார் வீட்டுப் பேரு? அம்மா சொன்னாங்க, ஆப் சொல்லிக் குடுக்க பாலக்காட்டுல இருந்து ஒரு சார் வந்தாராம். பொம்பளைங்க வீட்டுப் பேர் இல்லன்னு முழிச்சாங்களாம். அதுக்கு அவரு சிரிச்சிக்கிட்டே, லயம் நம்பரைப் போடுங்கம்மா, நேரமாச்சுன்னாராம்."

கேன்டீன்காரர் பரிப்புவடை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அந்த சார் நான்தான். கேரளத்தில் எந்த அப்ளிகேஷன் பாரத்தை எடுத்தாலும் வீட்டுப் பெயர் கேட்பார்கள். கொச்சியிலிருந்து வந்த எங்கள் புரோகிராமருக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. தமிழாட்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் அத்தா யோசித்துப் பார்த்துவிட்டு "ராவுத்தர் வீடு" என்று எழுதினார். எங்கள் தெரு முழுக்க ராவுத்தர் வீடுதான். அந்தத் தெருவில் வளர்ந்தவன், எஸ்டேட்டில் ஆள்கணக்கு எடுக்கிற மஸ்டர் மைதானத்தில் லயத்துக்கு ஐம்பது பெண்களாக வரிசையில் நிற்கவைத்து, ஒரே சாவியை ஐம்பது பூட்டுக்கும் கொடுத்துவிட்டு, ஜீப்புக்கு நேரமாச்சு என்று இறங்கி வந்திருக்கிறேன்.

"அந்த சார் நான்தாம்மா" என்றேன்.

அவள் தாளையும் பேனாவையும் மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நீங்க எழுதுங்க சார். நான் பிழை பார்த்துத் தாறேன்."

4. எம்.டி.க்குத் தலைசுற்றல்

வியாழக்கிழமை எஸ்டேட் மேனேஜர் எங்கள் ஆபீஸுக்கு வருவதாக இருந்தது. கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய சமயம். ப்ரொஜெக்டர் போட்டு, முந்திரிப் பக்கோடா வைத்து, எம்.டி. அமர்க்களப்படுத்தியிருந்தார். வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து முறைத்தாரே தவிர, விருந்தாளிக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு ஸ்டூடண்டு உள்ளே கேற நோக்கினா. எங்க டீம் உடனே கண்டுபிடிச்சு ஆக்‌ஷன் எடுத்தாச்சு" என்று தன் மலையாளத் தமிழில் மேனேஜரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "ராவுத்தரே, நம்ம செக்யூரிட்டி எத்தனை ஸ்ட்ராங்னு சாருக்குக் காட்டு. என் அக்கவுண்டிலேயே காட்டு. என்ன பேடிக்கான், நமக்கென்ன பயம்?"

அனுமதி இல்லாமல் நுழைந்தால்தான் ஊடுருவல் என்று நானே எழுதியிருந்தேன். இப்போது அனுமதி கிடைத்துவிட்டது, அதுவும் சாட்சியோடு.

ஆப்பில் எம்.டி.யின் செக்ரோல் நம்பர் 1. வேறு எந்த நம்பரை அவர் வைத்துக்கொள்வார்? பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அமுக்கினேன். வீட்டுப் பெயர் என்ன என்று திரை கேட்டது. மேனேஜருக்கு முன்னால் எம்.டி.யின் விசிட்டிங் கார்டு இருந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று அதை எடுத்து, அவர் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் அச்சடித்திருந்த வீட்டுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். திறந்துகொண்டது. சும்மா நிற்பானேன் என்று எம்.டி. பெயரில் நாலு நாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் தலைசுற்றல் என்று எழுதினேன். நான் எழுதி முடித்தபோது அவருக்கு நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்க லேபருக்கும் இதே கேள்விதானா?" என்றார்.

"ஆமா சார். லயத்துக்கு ஒரே பதில். அப்படிப் போடச் சொன்னது நான். கண்டுபிடிச்சது உங்க ஏழாம் லயத்துப் பொண்ணு. நாளைக்கு அவளைக் காலேஜ் கமிட்டி விசாரிக்குது, எங்க லெட்டரால. அவ சொல்றதெல்லாம் மினிட்ஸ்ல ஏறும். யூனியன்காரங்க காப்பி கேட்டா காலேஜ் குடுத்துத்தான் ஆகணும்."

கடைசி வாக்கியம் உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யூனியன் என்ற சொல்லைக் கேட்டதும் மேனேஜர் கையில் எடுத்த பக்கோடாவைத் தட்டிலேயே வைத்தார். "கமிட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லெட்டரை இன்னிக்கே வாபஸ் வாங்குங்க" என்று எம்.டி.யிடம் சொன்னார். நியாயத்துக்காக யாரும் அசையவில்லை. பயத்தால் அசைந்தார்கள். போகட்டும், அவளுடைய டி.சி. தப்பியது. அன்று மாலை வாபஸ் லெட்டரையும் நானே எழுதினேன். இரண்டு வரிதான், ஆனால் நான் எழுதியதிலேயே நல்ல இங்கிலீஷ் அதுதான்.

5. நன்றி என்ற பெயரில்

எனக்கு மெமோ கிடைத்தது. செல்வராணிக்குக் கம்பெனி பெயர் போட்ட ஒரு குடையும், இதைப் பற்றி எங்கும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட ஒரு பத்திரமும் கூரியரில் போயின. அவள் பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினாள். "குடை நல்லாருக்கு சார், வச்சுக்கிட்டேன்" என்று ஒரு துண்டுச்சீட்டு அதில் இருந்தது.

ஓட்டையை அடைத்தோம். இனி பாஸ்வேர்டு மறந்தால் டிஸ்பென்சரி நர்ஸிடம் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். புது வெர்ஷனோடு வந்த அறிவிப்பில், எங்கள் குழுவின் தொடர் விழிப்பால் கண்டறியப்பட்ட குறை சரிசெய்யப்பட்டது என்று எம்.டி. போட்டார். அவள் பெயரை ஒரு மூலையிலாவது போடலாம் என்று நான் சொன்னபோது, "அந்தப் பெண்ணுக்குக் குடை குடுத்தாச்சல்லோ" என்றார். இத்தனைக்கும் நடுவில் ஒருநாளும் அவர் அவள் பெயரைக் கேட்டதில்லை. அந்த மெயிலிலும் அது இருந்தது, என் லெட்டர்களிலும் இருந்தது.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. புது பாரங்களின் தமிழ் வாசகங்களை எழுதுகிற வேலையும் என்னிடம்தான் வந்தது. லீவு பாரத்தில் பெயர் எழுதும் கட்டத்துக்கு அடியில், உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டும். செல்வராணி என்று போட்டேன். எம்.டி. பார்த்துவிட்டு, "நல்ல நாட்டுப்புறப் பேரு" என்று ஓகே செய்தார்.

அதுவரை நடந்தது என் குறும்பு. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. எஸ்டேட்டுக்குப் போய்ப் புது வெர்ஷனைச் சொல்லிக்கொடுத்தேன். மழை வந்துவிட்டது. பெண்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அதுல காட்டியிருக்க மாதிரியே போடுங்கம்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன். நான் திருந்தவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம்.

மறுவாரம் எம்.டி. தன் அறையிலிருந்து என் மேஜைக்கு நடந்தே வந்தார். கையில் எஸ்டேட்டிலிருந்து வந்த பட்டியல். ஏழாம் லயத்திலிருந்து முப்பத்தெட்டு லீவு விண்ணப்பம், முப்பத்தெட்டும் ஒரே பெயரில்.

ஓட்டையைச் சொல்லி ஒருவர் மெயில் போட்டால், அவர் பெயரை முதல் நாளே மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்கள் எம்.டி. மாதிரி, ஆபீஸில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சப்போர்ட் மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்று கேட்க வேண்டியிருக்கும்:

"ராவுத்தரே, ஆரு இந்த செல்வராணி?"

"உட்காருங்க சார், சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.