எரிந்த வீட்டைத் தட்டிப் பார்த்தவள்

ஊரில் எல்லோருக்கும் அவள் சுத்தியல் அக்கா. சித்தாளாகச் செங்கல் சுமக்க வந்து, மேஸ்திரியாகி, இருபத்தைந்து வருடம் கட்டடங்களோடு பழகியவள். பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் அவளைத்தான் கூட்டிப்போவார்கள். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டி, காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பழுதுபார்க்க ஆகிற செலவைச் சொல்ல வாயைத் திறப்பாள்.

அன்று அழைத்தது ஓர் இளம் ஜோடி. தீப்பிடித்த வீடு, பாதி விலைக்கு வருகிறது.

"வெள்ளையடிச்சா சரியாப் போயிடும்ல அக்கா?" என்றான் கணவன்.

"கரி மறையும் தம்பி. கூரை தாங்கணுமே!"

விற்கிறவர் ஒரு தையற்காரர். வாசலோடு நின்றுவிட்டார். "சமையலறையிலதாம்மா பிடிச்சுது. என் வீட்டுக்காரி அடுப்பை அணைக்க மறந்துட்டுக் கடைக்குப் போயிட்டா. பதினோரு மாசமா அடுப்புப் பக்கமே போகமாட்டேங்கறா. நான்தான் சமைக்கிறேன். தீயில தப்பிச்சவ, என் சமையல்ல தப்பணும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சமையலறைச் சுவர் 'டங்'கென்று கெட்டியாகப் பேசியது. மேலே வெறும் புகைக்கரி. கட்டைவிரலால் தேய்த்ததும் போய்விட்டது. கூடத்துக் கூரைதான் 'பொத் பொத்' என்றது. காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது, கான்கிரீட் வெந்து சிவந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஸ்விட்ச் போர்டு இருந்த பள்ளம். உள்ளிருந்து ஒயரை இழுத்தாள். செம்புக் கம்பி உருகி, நுனியில் மணிமணியாக உறைந்திருந்தது.

"கூடத்துக் கூரையை இடிச்சுத்தான் ஆகணும் தம்பி. ஒயரிங் முழுக்கப் புதுசு. பூச்சை உரிக்கலேன்னா மழைக்காலத்துல புகைநாத்தம் கிளம்பும். நான் எழுதித் தர்ற தொகைக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு ஒதுக்கி வையுங்க, உரிச்சாத்தானே உள்ள இருக்கறது தெரியும். ஆனா சுவரும் அஸ்திவாரமும் கல்லு மாதிரி இருக்கு. விலையைக் குறைச்சுக் கேட்டு வாங்குங்க."

அவள் வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, தீ அடுப்புல பிடிக்கல. கூடத்துச் சுவத்துக்குள்ள ஒயர்ல பிடிச்சிருக்கு. நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். சுத்தியல் அக்கா சமையலறை நிலைக்கட்டையைக் காட்டினாள். கூடத்துப் பக்கம் கரியாகியிருந்தது. அடுப்புப் பக்கம் பெயிண்ட்கூட உரியவில்லை. "அடுப்புல பிடிச்சிருந்தா இந்தப் பக்கம்தானேம்மா முதல்ல கருகியிருக்கும்?" என்றாள்.

"ஆறுதலுக்குச் சொல்றியாம்மா?"

"கூலி வாங்கிட்டுப் பார்க்கறவம்மா நான். ஆறுதலுக்குச் சொன்னா என் பொழப்பு போயிடும்."

அந்த அம்மாள் மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தையற்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையிலிருந்த கரித்தூசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். சுத்தியல் அக்கா பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே அளந்த சுவரையே மறுபடியும் நிதானமாக அளந்தாள்.

அந்த மாதமே பேரம் படிந்தது. கூடத்துக்குப் புதுக்கூரை போட அவளையே கூப்பிட்டார்கள்.