இளவரசன் போனில் ஒரு பரீட்சை

என் தங்கச்சி அனுசுயா ஒன்பதாவதோட நின்னவ. நான் அஞ்சோட நின்னவன், அதனால அவ படிப்பைப் பத்திப் பேச எனக்கு வாய் கிடையாது. அவளுக்கு ஸ்ரீரங்கத்துல மேலூர் பக்கம் ஒரு அங்கன்வாடியில ஆயா வேலை. பத்தாவது பாஸ் பண்ணினா மேல் வேலை ஏதாவது கேட்டுப் பார்க்கலாம்னு அங்க இருந்த டீச்சர் ஒரு நாள் சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து அவளுக்கு அதே நினைப்பு.

அவ வீட்டுக்காரர் இளவரசன் சமயபுரத்துக் கடைகளுக்கு வண்டியில தேங்காய் லோடு அடிச்சவர். காலேஜ் பிள்ளைங்க சிலர் சேர்ந்து பத்தாவது எழுதுறவங்களுக்குப் போன்லயே காசு வாங்காமப் பாடம் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு, தன் நம்பரைக் கொடுத்து அவளைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவகிட்ட இருந்தது பட்டன் போன். சாயந்திரம் வண்டி வாசல்ல நின்னதும் அவர் போன் அவ கைக்குப் போயிடும்.

கணக்குக்கு இக்ரான்னு ஒரு பொண்ணு. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். இவ கணக்கைப் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புவா. "அக்கா, கர்ணத்தை மறுபடி மாத்திட்டீங்க. செங்கோணத்துக்கு எதிர்ல இருக்கறதுதான்கா கர்ணம்"னு அந்தப் பொண்ணு பேசி அனுப்பும். மாப்பிள்ளை அதை வண்டியில கேட்டுட்டு வந்து சாப்பிடும்போது கேலி பண்ணுவார்.

"டீச்சரம்மா, இந்த அப்பளத்துல கர்ணம் எது?"

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க. வட்டத்துக்கு ஏது கர்ணம்?"

"பார்றா! படிச்சிட்டா!"

முக்கோணவியல் க்விஸ் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குன்னு வெச்சிருந்தாங்க. அதுல தேறுறவங்களுக்குத்தான் பரீட்சை வரைக்கும் தினம் தனியாச் சொல்லித்தருவாங்க. மத்தவங்க அடுத்த வருஷம் பார்த்துக்கணும். அந்த வாரத்துலதான், மன்னார்புரத்துல டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டின மனுஷன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். எந்திரிக்கலை.

போன் அவர் தம்பி அன்புச்செல்வன் கைக்குப் போச்சு. காரியத்துக்கு நாலு பேருக்குச் சொல்லணுமே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதுல இக்ராவோட குரல் வந்துச்சு. யாரோ என்னவோன்னு அவன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி வெச்சான்.

"அக்கா, ஏன் ஆளையே காணோம்? நாலு மணி, மறந்துடாதீங்க. கர்ணம்!"

மாமியார் மயிலம்மாள் அழுகையை நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க. "எம் புள்ளை வெந்த சாம்பல் ஆறலை. அதுக்குள்ள உனக்குப் படிப்பு கேக்குதாடி?"

மூலையில கிடந்த அனுசுயா தலையைத் தூக்கினா. என்னைப் பார்த்தா, அவ்வளவுதான். மாப்பிள்ளை இருந்த வரைக்கும் படிப்பு அவளுக்கு ஆசை. இப்ப அது அவளுக்கும் அவ பொண்ணுக்கும் சோறு.

"போனைக் குடுடா"ன்னேன்.

"மச்சான், ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊரா வந்து நாளைக்கு இவளுக்கு உலை வெக்கப்போவுது? குடு."

கொல்லையில துணி துவைக்கிற கல்லு மேல உட்கார்ந்தா. க்விஸ் அரை மணி நேரந்தான், அப்புறம் தானா மூடிக்குமாம். நான் கதவை மறிச்சுக்கிட்டு நின்னேன். முதல் கணக்கைப் போட்டா. அடுத்ததுல போன் அடிச்சுது.

"கட் பண்ணு."

"சாவு வீட்டுக்கு வர்ற போனை எப்படிண்ணே கட் பண்றது?"

எடுத்தா. சமயபுரத்துக் கடைக்காரர் அழகர்சாமி. அவருக்குச் சேதியே தெரியாது.

"என்னடா இளவரசா, பொண்டாட்டி முந்தானையைப் புடிச்சுக்கிட்டு வீட்லயே கிடக்கியா? லோடு வரலைன்னா உன் தலையைத்தான்டா உடைக்கணும்!"

"அவரு செத்துப்போயிட்டாருங்க."

அந்த ஆள் அழுதது கதவுகிட்ட நின்ன எனக்கே கேட்டுச்சு. எப்படிம்மா, எங்கம்மா, கூட யாரும்மா இருந்தாங்கன்னு ஒண்ணு விடாமக் கேட்டார். எல்லாத்துக்கும் பதில் சொன்னா. கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கணக்கைப் பார்த்தா. ஈரக் கல்லுல விரலால ஒரு முக்கோணம் போட்டா. மறுபடி போன். தேங்காய் மண்டி. அதுக்கப்புறம் லால்குடிச் சித்தப்பா. ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து சொன்னா. நான் பேசுறேன்னு வாங்கிக்கவும் வழியில்லை, க்விஸ்ஸும் அதே போன்லதான்.

"மூடிக்கிச்சுண்ணே"ன்னா.

கொஞ்ச நேரத்துல இக்ராவே கூப்பிட்டுச்சு. குரல்ல அவ்வளவு கோபம். "என்னக்கா இது? முதல் கணக்கு அழகாப் போட்டிருக்கீங்க. மிச்சத்தை ஏன் தொடவே இல்லை? எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதானே! இவ்வளவு தூரம் சொல்லித்தந்தேனே!"

அத்தனை பேருக்கும் சொன்னவளுக்கு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வார்த்தை வரலை. "மறந்து போச்சும்மா. கோவிச்சுக்காதே"ன்னு சொல்லிட்டு வெச்சா.

"ஏன் புள்ள, விஷயத்தைச் சொல்லியிருந்தா இன்னொரு நாள் எழுத விட்டிருக்குமே"ன்னேன்.

"எல்லாரும் எனக்காக அழுதாச்சுண்ணே. அவ ஒருத்தியாவது என்னைப் படிக்கிற புள்ளையா நினைச்சுத் திட்டட்டும்."

தேறினவங்க லிஸ்ட்டுல அவ பேர் இல்லை. காரியம் முடிஞ்சு இப்ப மறுபடி வேலைக்குப் போறா. அடுத்த வருஷம் எழுதலாம்னு நான் சொன்னா, சரின்னு சும்மா தலையை ஆட்டுறா. மாட்டேன்னு சொன்னாலாவது சண்டை போடலாம்.