விருது பெற்ற ஜெட்டி

அந்தமானில் ஹட் பேயிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்குள் நீண்டிருந்த ஒரு சிறிய படகு ஜெட்டிக்குச் சிறந்த பராமரிப்புக்கான விருது கிடைத்தது. ஓய்வுபெற்ற பொறியாளன் என்பதால் விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஜெட்டியின் கடல்முனையில் தூண்கள் அரித்துப் போயிருந்தன. யாரும் அங்கே போகாதபடி ஜெட்டியைப் பராமரிக்கும் மேஸ்திரி குறுக்கே கயிறு கட்டி வைத்திருப்பார். புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று காலையிலேயே அலுவலகத்தார் அதை அவிழ்த்துவிட்டார்கள்.

பதக்கத்தோடு மேடையிலிருந்து இறங்கிய மேஸ்திரி நேராக ஜெட்டிக்குப் பொறுப்பான இளம் பொறியாளரிடம் போனார்.

“சார், கயித்தத் திரும்பக் கட்டிடறேன். போட் வர்ற நேரம்.”

“அவார்ட் வாங்கின ஜெட்டில கயிறா? ஆர்டர் வரட்டும், மேஸ்திரி.”

ஆர்டர் வராது. சிறந்த பராமரிப்பு என்று சான்றளித்த இடத்தில் பழுது இருப்பதாக அதே அலுவலகம் எழுதாது. அந்த நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும்.

படகின் ஹாரன் கேட்டது. கூட்டம் மூட்டைகளோடு கடல்முனையை நோக்கி நகர்ந்தது. “பீச்சே ஹடோ! பின்னால போங்க!” என்று கத்திக்கொண்டே மேஸ்திரி ஓடினார். பதக்கத்தைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

“ஹீரோ வந்துட்டாரு! நடுவுல நில்லுங்கண்ணே” என்று ஒருவர் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு போனை உயர்த்தினார். படத்தில் இடம்பிடிக்க மற்றவர்களும் அந்தக் கடல்முனையிலேயே அவரைச் சுற்றி நெருங்கினார்கள்.

நான் நின்ற இடம்வரை தளம் அதிர்ந்தது.