டெஸ்க்டாப்பில் விட்ட பெயர்

என் சொந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பதில் என்னிடம் இருப்பது கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ். முப்பது வருஷத் தொழில் அதற்குள் இருக்கிறது. நான் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், பூ பார்டர்கள், ஏழெட்டுப் பிள்ளையார்கள், கல்யாணம், காதணி, புதுமனை, கண்ணீர் அஞ்சலி என்று வகை வகையாகக் கட்டி வைத்த பக்கங்கள். கோச்சடையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைச் சொருகினால் அந்த நாற்காலி எனக்கு ஆபீஸ். பிடுங்கினால் ஆபீஸ் சட்டைப் பைக்கு வந்துவிடும்.

ஒரு தொல்லை உண்டு. பென் டிரைவில் வைத்தபடியே வேலை செய்தால் மெஷின் திணறி நின்றுவிடும். அதனால் ஃபைலை டெஸ்க்டாப்பில் காப்பி போட்டு, அங்கே திருத்தி, முடிந்ததும் மறுபடி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 'டெஸ்க்டாப்பில் உள்ளவை சாயங்காலம் அழிக்கப்படும்' என்று கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதை அழகாக டைப் செய்து கொடுத்ததே நான்தான்.

கே.கே. நகர் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் தன் மகனின் காதணி விழாவுக்குப் பத்திரிகை அடிக்க வந்தாள். அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம். அப்பா இறந்த வருஷம் வந்த வாய்ச்சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்? வேறு வழியில்லாமல் பெரியப்பா மகன் பெயரைத் தாய்மாமன் என்று போடச் சொன்னாள். போட்டேன்.

மறுநாள் டூட்டி உடுப்போடு ஓடி வந்தாள்.

"அண்ணே, எந்தம்பி போன் பண்ணிட்டான். நாந்தான் மடியில வைப்பேங்கிறான். பேர மாத்துங்கண்ணே."

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தம்பி பெயர் திரையில் விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய எழுத்தில் போடச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். சுமாரான ஜோக். அந்தச் சிரிப்போடு பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு சிம்மக்கல் அச்சகத்துக்குப் போய்விட்டேன். திருத்திய ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது. அச்சகத்துக்குப் போனது பழையது.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் என்பது முறை. அச்சகத்துக் கட்டைப் பிரித்ததும் திரையில் பார்த்ததுதானே என்று வாசிக்காமலே மேலிருந்த ஒன்றை எடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறாள். தம்பி அவள் எதிரிலேயே வாசித்தானாம். தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து பருத்திக் காட்டுக்குப் போய்விட்டானாம்.

போனில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, பேர மாத்தினோம்ல? நான் பாத்தேன்லண்ணே?"

"மாத்தினோம் தாயி. சிஸ்டத்துல வைரஸ். பழசத் தூக்கிப் போட்ருச்சு" என்றேன். வாயில் முதலில் வந்தது அது. வைரஸ் மறுத்துப் பேசாது பாருங்கள்.

உடனே கோச்சடைக்கு ஓடினேன். திருத்திய ஃபைல் இருந்தால் அதைக் காட்டியாவது அவனைச் சமாதானப்படுத்தலாம். எனக்கு வேர்த்த வேர்வையில் கீபோர்டு வழுக்கியது. மெஷினின் குப்பைத்தொட்டி வரை தேடினேன். கடைக்காரர் சுவரைக் கைகாட்டினார்.

"நீங்க அடிச்சுக் குடுத்ததுதாண்ணே. வாசிச்சுப் பாருங்க."

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், இரண்டு தோசை குறைந்தது. நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். தம்பி பருத்திக் காட்டில் இருந்தான். காதணிப் பத்திரிகை விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன்.

"அக்கா அனுப்புச்சா?"

"இல்ல தம்பி. பத்திரிகை அடிச்சது நான்."

"வைரஸ்னு சொல்லுச்சு. நான் நம்பல. அக்கா மனசுல பெரியப்பா மகன் பேருதான் இருந்திருக்குன்னு நெனச்சேன்."

"அந்த வைரஸ் நாந்தான் தம்பி." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "இத நாலு பேரு முன்னாடி சொல்லுவீகளா? அக்கா இங்க வந்த அன்னைக்கே வீட்டு ஆளுக ஊரெல்லாம் அந்தப் பத்திரிகையக் குடுத்துட்டாகல்ல."

சொல்கிறேன் என்றேன். பருத்திச் செடிகளுக்கு முன்னால் தைரியம் நன்றாகத்தான் வந்தது.

விழா அன்று மண்டப வாசலில் சீர்த்தட்டுகளோடு வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. நான் மைக்கை வாங்கினேன். முன்வரிசையில் நாலைந்து பேர் என்னிடம் பத்திரிகை அடிக்கிறவர்கள். "கம்ப்யூட்டர் கோளாறு காரணமா தாய்மாமன் பேரு..." என்று ஆரம்பித்து முடித்தே விட்டேன். இப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

தம்பி கையசைத்து என்னைக் கூப்பிட்டான்.

"என்ட்ட ஒண்ணு, மைக்குல ஒண்ணா? எதுண்ணே நெசம்?"

"ஒன்கிட்ட சொன்னதுதான்."

"அப்ப நான் கெளம்பவா, நிக்கவா?"

திரும்பப் போய் மைக்கைப் பிடித்தேன். "கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. அந்தப் பொண்ணு கூடப் பொறந்த தம்பி பேரத்தான் போடச் சொல்லுச்சு. நான் கதையளந்துக்கிட்டே பழைய ஃபைலக் குடுத்துட்டேன். கேட்டதுக்கு வைரஸ்னு பொய் சொன்னேன்."

மண்டபமே சிரித்தது. வழக்கமான என் நக்கல் என்று நினைத்துவிட்டார்கள். என் பேச்சுக்கு யாராவது சிரிக்காமல் இருந்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தம்பி செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பெரியப்பா மகன் எழுந்து ஒதுங்கி நின்றார். தன் பெயர் போட்ட பத்திரிகையை அவரும் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பார். அவரிடம் நான் இன்றுவரை ஒன்றும் பேசவில்லை.

குற்ற உணர்ச்சியில் சாப்பிடாமல் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். அவளே சாம்பார் வாளியோடு வந்தாள்.

"வைரஸ்தான்டான்னு அவன்ட்ட நாலு தடவ சத்தியம் பண்ணேன். நீங்க சொன்னீங்கன்னு."

வாய் நிறையச் சோற்றோடு, இலையில் சாம்பாருக்குக் குழி பறித்தேன்.

இப்போதும் பத்திரிகை வேலைக்கு ஆள் அனுப்புகிறாள். எதிரில் பார்த்தால் நின்று விசாரிக்கிறாள். ஆனால் அண்ணே என்று கூப்பிடுவதில்லை. சார் என்கிறாள்.