மூன்றாவது வீடு

எனக்கு முன்னால் இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த நாய்க்குட்டியை எடுத்துப் போய், ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ரேணிகுண்டா சாலையில் ஓர் அம்மா தெருவில் கிடக்கும் நாய்க்குட்டிகளைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றி, கேட்பவர்களுக்குக் கொடுத்துவந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை.

"இதுக்கு வயிறு நிக்காதும்மா. எது துன்னாலும் தண்ணியாப் போவுது. நல்லா யோசிச்சு எடுத்துக்கினு போ. மூணாவது வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா அது தாங்காது."

விலா எலும்புகள் துருத்தி நிற்க, வயிறு மட்டும் பலூன் மாதிரி ஊதியிருந்தது. மற்ற குட்டிகள் கொழுகொழுவென்று என் காலைச் சுற்றி ஓடின. இது மூலையில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதான் வேணும்" என்றேன்.

பழைய துண்டு விரித்த கூடையில் வைத்துக்கொண்டு திருப்பதியில் சித்தூர் பஸ் ஏறினேன். புத்தலப்பட்டு வருவதற்குள் கூடை நாறிவிட்டது. முன் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்து விசிலை ஊதினார். "திகம்மா, திகு" என்று தெலுங்கில் கதவைக் காட்டினார். இறங்கினேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. நடுவழியில் இறக்கிவிட்டால் கூசிப்போகிற வயதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. சாலையோரம் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் குட்டியைக் கழுவி, துப்பட்டாவில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தூரில் நானும் அப்பாவும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் மாங்கூழ் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். நைனா லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாசலிலேயே முகம் சுளித்தார்.

"ரெண்டு வூட்டுக்காரங்க வேணாம்னு வுட்டாங்கன்னா அதுல என்னமோ கோளாறு இருக்குது. நீயும் கொண்டும்போயி வுட்டுட்டு வா."

"என்னையுந்தான் ஆறு மாசத்துல திருப்பி அனுப்சாங்க. எங்கிட்ட கோளாறுன்னு நீ அப்போ சொல்லலியே, நைனா."

கல்யாணம் முடிந்து ஆறே மாதத்தில் பெட்டியோடு நான் திரும்பி வந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பதினைந்து வருடமாகப் பேசியதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். படியிலேயே மூக்கை மூடிக்கொண்டு, "பத்து நாள் டைம் தரேன். குக்க போவணும், லேதா நீங்க போவணும்" என்றார். நாய் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள். வேலையிடத்தில் ஆளுக்கொரு யோசனை. மாதுளைத் தோல், தயிர், வசம்பு. "தெருவுல பொறந்தது, தெருவுலயே வுட்டுடு" என்றார் மேனேஜர். பக்கத்துத் தெரு மாட்டு டாக்டர் சோதித்துக்கூடப் பார்க்காமல், "நாட்டுக்குட்டிதானே, பிழைத்தால் பிழைக்கும்" என்று ஊசி போட்டு அனுப்பினார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அதைக் கைகழுவச் சொன்னதில் எனக்குப் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது.

ஃபேக்டரியில் கூழ் புளித்துவிட்டால் நாங்கள் கூழைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை, சாம்பிள் எடுத்துப் பார்ப்போம். இங்கும் அதையே செய்தேன். லீவு போட்டு, சின்ன பாட்டிலில் அதன் மலத்தை எடுத்துக்கொண்டு, குட்டியோடு திருப்பதியில் ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாங்க, நீங்களே பாருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். புழு முட்டைகள். அவற்றுக்கு நடுவே வெறுங்கண்ணுக்குத் தெரியாத வேறேதோ உயிர் நீந்திக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் மருந்து எழுதினார். கொதித்து ஆறிய தண்ணீர். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் குழைந்த சோறும், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை.

"பால் மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது. இந்த வயிறு தாங்காது" என்றார்.

ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு என்ன தின்றது, எத்தனை மணிக்கு எப்படி வெளியே வந்தது, எல்லாம். மூன்றாம் நாள் கொஞ்சம் இறுகியது. ஐந்தாம் நாள் மறுபடியும் தண்ணீர். ஆறாம் நாள் பரவாயில்லை, ஏழாம் நாள் மோசம். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் காலை ஷிஃப்ட் போன நாட்களில்தான் கெட்டுப்போயிருந்தது.

எட்டாம் நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய், ஒரு மணி நேரத்தில் அனுமதி கேட்டுத் திரும்பி வந்தேன். மாடியில் நைனா குந்தி உட்கார்ந்து, டம்ளர் பாலில் பிஸ்கட்டை நனைத்துக் குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அனுப்பிடுன்னு சொன்னது நீதானே?"

"அனுப்புற வரைக்கும் பட்டினி போடச் சொல்றியா? என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்குது. பாலு குடிக்காத குட்டி எங்கனா இருக்குதா?"

நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் படித்தார். ஐந்தாம் நாளில் விரல் நின்றது. அப்புறம் ஏழாம் நாள். முகம் சுண்டிப்போனது. "நானா பண்ணேன் இத்த?" என்றார் மெல்ல. டம்ளரை எடுத்துப் போய்ச் சாக்கடையில் ஊற்றினார். அன்று மாலையிலிருந்து நோட்டில் அவரும் எழுதினார். அவர் படித்தது தெலுங்குப் பள்ளி; தமிழைப் படிப்பார், எழுத வராது. என் தமிழ் வரிகளுக்குக் கீழே அவருடைய கோணல் தெலுங்கு எழுத்துகள் வரிசையாக வந்தன.

கெடு முடிந்ததும் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"காலி பண்றோம்மா. குட்டி எங்களோடதான் இருக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவரே வீடு தேடி அலைந்தார். கிணறு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்பதற்கு முன்னால், "எங்களாண்ட நாய்க்குட்டி இருக்குது. வயிறு சரியில்லாத குட்டி. சம்மதமா?" என்றுதான் எல்லா வாசலிலும் கேட்டாராம். ஊருக்கு வெளியே ஒரு சிமென்ட் ஷீட் வீடு கிடைத்தது. வெயிலில் அடுப்புக்குள் இருப்பது போலிருக்கும். சாமான்களை இறக்கி மூன்றாம் நாள், பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டார்.

"ஓடியா, வந்து பாரு!"

கெட்டியாக, கையால் எடுக்கிற பதத்தில் போயிருந்தது. இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று அதையே பார்த்தோம்.

இப்போது அது என் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. வயிறு இன்னமும் வம்பு செய்கிறது. மாம்பழக் காலத்தில் எங்கேயாவது தோலைத் தின்றுவிட்டு வந்து இரண்டு நாள் வீட்டை நாறடிக்கும். கழுவிவிடுகிறோம். ஒரு நாய்க்காகவா வீட்டை மாற்றினாய் என்று வேலையிடத்தில் இன்னமும் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அதற்கு மேல் விளக்கம் சொல்வதில்லை.